புகை வீட்டுக்காரர் பேரனும் சுவீடன் அடுப்பும்

மலேசியாவில், பட்டர்வொர்த்தில் விசிறியை ஐந்தில் வைத்துக்கொண்டு விறகு அடுப்பைப் பற்றி எழுதுகிறேன், சிரிக்காதீர்கள். போன ஜனவரியில் மூன்று வாரம் தங்கச்சி வீட்டில் இருந்தேன். சுவீடனில் ஒரு கிராமம், வெளியே மைனஸ் 18.

ஹாலில் கூரையைத் தொட்டுக்கொண்டு வெள்ளை ஓடு பதித்த ஓர் அடுப்பு நிற்கிறது, முதலில் அலமாரி என்றுதான் நினைத்தேன். காக்கெலுங்ன் என்கிறார்கள். அந்த நாட்டில் விறகுத் தட்டுப்பாடு வந்த காலத்தில், 1767ல், குரூன்ஸ்டெட், வ்ரேட என்ற இரண்டு பேர் போட்ட அமைப்பு அது. புகை நேராக மேலே போய்விடாமல் செங்கல்லுக்குள் இருக்கும் குழாய்களில் ஏறி இறங்கி ஏறி, சூட்டையெல்லாம் கல்லிடம் கொடுத்துவிட்டுத்தான் வெளியே போகும். சாயங்காலம் இரண்டு மணி நேரம் நன்றாகக் கொழுந்துவிட்டு எரியவிட்டால் போதும், மறுநாள் காலையில்கூட ஓட்டில் முதுகைச் சாய்த்தால் இதமாக இருக்கிறது.

எனக்கு அது தெரியாதே! விடிய விடியக் கனல் இருந்தால் நல்லதுதானே என்று, இரண்டாம் நாள் ராத்திரி எல்லாரும் படுத்தபிறகு இன்னும் நாலு கட்டையைப் போட்டு, புகைபோக்கியின் தகட்டைப் பாதிக்குமேல் இழுத்து மூடிவிட்டேன். தங்கச்சி வாசனை பிடித்து ஓடி வந்தாள். "அண்ணே, என்ன பண்றீங்க, எல்லாரையும் கொல்லப் பார்க்கிறீங்களா?" ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டாள், அந்தக் குளிரிலும். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும், அதற்கு வாசனைகூடக் கிடையாது, எங்களைக் காப்பாற்றியது கூடவே வந்த புகைதான். கனல் முழுக்க அணைந்தபிறகுதான் தகட்டை மூட வேண்டுமாம்.

யோசித்துப் பார்த்தால் நான் செய்தது தாத்தாவின் வேலை. அவர் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்துப் புகை வீட்டில் இருந்தவர். ரப்பர் கட்டையை எரியவும் விடாமல், அணையவும் விடாமல், நாள் கணக்கில் புகைய வைப்பார். ரப்பர் பாலை உறையவைத்துச் செய்த ஷீட்டில் பூஞ்சை பிடிக்காமல் காப்பது அந்தப் புகைதான். ஆனால் வீட்டு அடுப்பில் அதே புகை தாராகி, புகைபோக்கிச் சுவரில் படிந்து, ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். அதனால்தான் அங்கே புகைபோக்கியைத் துடைக்க முறை வைத்து ஆள் வருகிறார்.

ஈர விறகும் இதே தொல்லைதான். அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் பாதிக்குப் பாதி தண்ணீர்கூட இருக்கும், அதை ஆவியாக்கவே சூடு செலவாகிவிடும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும், பிளந்து அடுக்கி குறைந்தது ஒரு கோடையாவது காற்றாட விட வேண்டும்.

கிளம்புகிற அன்று தங்கச்சி கொட்டகைக்குக் கூட்டிப்போய் இரண்டு பிர்ச் கட்டைகளை எடுத்துத் தட்டிக் காட்டினாள். டங்கென்றது. "இது இந்த வருஷத்துக்கு." பக்கத்து அடுக்கிலிருந்து இரண்டு எடுத்தாள். ‘தப்’ என்று மந்தமாகக் கேட்டது. "இதை நீங்க தொடக்கூடாது, அண்ணே."