பாங்காக் போகலாமா: ரங்கூன் தையல்காரியின் நாட்குறிப்பு

2019 ஜூன் 9, ஞாயிறு

ஃபேஸ்லிஃப்ட், அதாவது தொங்கும் முகச் சதையைத் தூக்கிக் கட்டும் ஆபரேஷன், செய்துகொள்ளலாமா என்று யோசிக்கிறேன். முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், இனிச் சுற்றி வளைக்க வேண்டாம்.

வயது ஐம்பத்தெட்டு. ரங்கூனில் சின்னத் தையல் கடை. நம் பெண்களுக்கு ஜாக்கெட், பர்மியப் பெண்களுக்கு அவர்கள் மேல்சட்டையான எய்ன்ஜி. தாடையோரம் இரண்டு பக்கமும் சதை இறங்கிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் "என்னக்கா, உடம்பு சரியில்லையா, தூங்கலையா" என்கிறார்கள். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்த நாளிலும் அதையேதான் கேட்கிறார்கள். தலைக்குச் சாயம் அடிக்கிறேன், அதற்கு இதுவரை யாரும் என்னிடம் காரணம் கேட்டதில்லை. இதற்குக் கேட்பார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன்: காரணம் அவ்வளவுதான், பெரிய கதை எதுவும் இல்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எவ்வளவு ஆகும்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கூட யார் வருவது?" என்றார். இரண்டும் நல்ல கேள்விகள். மூன்றாவதாக ஒன்று கேட்காமல் விட்டாரே, அதற்காக மத்தியானம் ஹில்சா மீன் குழம்பு வைத்தேன்.

ஜூன் 14, வெள்ளி

என் பர்மியத் தோழி ஒருத்தி போன வருடம் பாங்காக்கில் ஒரு கிளினிக்கில் நூல் போட்டுக்கொண்டு வந்தாள். த்ரெட் லிஃப்ட். இன்று அவளைக் கடையில் உட்கார வைத்து லப்பைத்தோ, அதாவது தேயிலை சாலட், வாங்கிக் கொடுத்து எல்லாவற்றையும் கேட்டேன்.

முள் முள்ளாக இருக்கும் நூலை ஊசியால் தோலுக்கு அடியில் செலுத்தி இழுத்து விடுகிறார்கள். வெட்டு இல்லை, தையல் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டதாம். நூல் பிடிஓ வகை. ஆபரேஷன்களில் உள்தையலுக்குப் பயன்படுத்தும் அதே பொருள்தான், சுமார் ஆறு மாதத்தில் உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும். கரையும்போது அந்த இடத்தில் கொஞ்சம் நார்த்திசு விளையும், அதனால் தோல் இன்னும் சில மாதம் பிடித்து நிற்கும் என்பது கணக்கு.

அவளுக்கு முதல் மூன்று மாதம் கன்னம் அழகாகத்தான் இருந்தது, நானே பார்த்தேன். இடது பக்கம் மட்டும் சிரித்தால் ஒரு குழி விழும். கிளினிக்குக்குப் போன் போட்டால், நேரில் வாருங்கள் என்றார்கள். நேரில் என்றால் விமான டிக்கெட், ஓட்டல், கடைக்கு லீவு. அப்புறம் போனையே எடுக்கவில்லை. ஏப்ரலில் திஞ்சான், பர்மியப் புத்தாண்டு, வந்தபோது கன்னம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. குழியும் போய்விட்டது, அது ஒன்றுதான் லாபம்.

"இன்னொரு தடவை போவாயா?" என்றேன். "போவேன், ஆனால் போனை எடுக்கும் இடமாகப் பார்த்து" என்றாள்.

ஜூன் 23, ஞாயிறு

காலையிலிருந்து மழை. கரண்டும் இல்லை. போன் சார்ஜ் தீரும் வரை படித்தேன்.

ஆரம்ப காலத்தில் டாக்டர்கள் காதோரத் தோலைக் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டு மீதியை இழுத்துத் தைத்தார்கள். 1901-ல் பெர்லினில் ஹோலாண்டர் என்ற டாக்டர் போலந்துச் சீமாட்டி ஒருத்திக்கு அப்படிச் செய்ததுதான் முதல் ஃபேஸ்லிஃப்ட் என்று சொல்கிறார்கள். தோலை மட்டும் இழுத்தால் என்ன ஆகும் என்று தையல்காரியிடம் கேளுங்கள். லைனிங் தளர்ந்த ஜாக்கெட்டில் மேல்துணியை மட்டும் இழுத்துப் பிடித்தால் தையல் ஓரத்தில் விரிசல் விழும், துணி விறைக்கும், நாலு மாதத்தில் மறுபடி தொங்கும். முகத்திலும் அதேதான் நடந்திருக்கிறது: தழும்பு அகலமாகி, முகம் காற்றில் நிற்பதுபோல விறைத்து.

லைனிங்கைக் கண்டுபிடித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். மிட்ஸ், பெரோனி என்ற இருவர் 1976-ல் தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் தசையோடு ஒட்டிய ஒரு படலத்தை விவரித்து எழுதினார்கள். அதற்கு ஸ்மாஸ் என்று பெயர். அன்றிலிருந்து நல்ல சர்ஜன் இழுப்பது அந்தப் படலத்தை. மேல்தோலை இழுக்காமல் அதன்மேல் படுக்க வைத்து, மிச்சத்தை மட்டும் வெட்டுகிறார்.

நான் தேடுவது இதன் சின்ன வடிவம். பெல்ஜியத்தில் டொன்னார், வெர்பேல் என்ற இரண்டு சர்ஜன்கள் 2000-த்தை ஒட்டிய வருடங்களில் கொண்டுவந்த மேக்ஸ் லிஃப்ட். வெட்டு காதுக்கு முன்னால் ஆரம்பித்து நெற்றிப்பொட்டு முடியோரம் வரை. காதுக்குப் பின்னால் போவதில்லை. உள்ளே சுருக்குப் பை வாய்க்குத் தைப்பதுபோல வளையமாக இரண்டு தையல் ஓட்டி, பொட்டுப் பக்கத்து உறுதியான படலத்தில் கட்டிவிடுகிறார்கள். இழுப்பு நேராக மேல்நோக்கி. முழு மயக்கம் இல்லாமலும் செய்ய முடியும். வெட்டு சின்னது, சரி. ஆனால் உள்ளே தோலைப் பிரித்தெடுக்கும் வேலை இருக்கிறது, ரத்தக்குழாய் இருக்கிறது, முகத்தை அசைக்கும் நரம்பு இருக்கிறது. விளம்பரத்தில் போடுகிற "மதிய இடைவேளையில் முடித்துக்கொள்ளலாம்" சமாச்சாரம் இல்லை இது.

ஜூலை 5, வெள்ளி

நாள் கணக்கு உதைக்கிறது.

பர்மா பாஸ்போர்ட்டில் விமானத்தில் போனால் விசா இல்லாமல் பதினான்கு நாள் தாய்லாந்தில் இருக்கலாம், 2015-லிருந்து. போய் இறங்கி, சோதனைகள் முடிந்து, மூன்றாம் நாள் ஆபரேஷன் என்று வைத்துக்கொள்வோம். காதோரத் தையல் பிரிக்க ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகும். முக ஆபரேஷன் செய்தவர்கள் ஏழு முதல் பத்து நாள் வரை விமானம் ஏற வேண்டாம் என்று பிரிட்டனின் அரசு சுகாதாரச் சேவை சொல்கிறது. ஆக எல்லாம் சரியாக நடந்தால் பதினான்கு நாளுக்குள் அடங்கும். ஏதாவது ஒன்று சரியாக நடக்காவிட்டால் காதில் கட்டோடு குடியேற்ற அலுவலகத்தில் வரிசையில் நிற்க வேண்டும். எனவே போவதென்றால் முதலிலேயே அறுபது நாள் சுற்றுலா விசா. கொஞ்சம் பணம் கூடத்தான். போகட்டும்.

ஒரு கிளினிக்கிலிருந்து பேக்கேஜ் அனுப்பியிருக்கிறார்கள். காலையில் டாக்டரைப் பார்ப்பது, மத்தியானம் ஆபரேஷன், நான்காம் நாள் ஊருக்கு. ஓட்டல், விமான நிலைய வண்டி, ஆற்றில் படகுச் சவாரி எல்லாம் உள்ளடக்கம். கட்டுப் போட்ட முகத்தோடு படகுச் சவாரி யாருக்கு வேண்டும்? ஆபரேஷன் பண்ணப்போகும் டாக்டரின் பெயரைக் கேட்டேன். "எங்கள் எல்லா டாக்டர்களும் அனுபவசாலிகள்" என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை அப்படியே மூடிவிட்டேன்.

ஜூலை 13, சனி

பாங்காக் போய் வந்தாயிற்று, டாக்டரைப் பார்க்க மட்டும். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தால் வந்துவிட்டது ஊர். தங்கை மகள் அங்கே வேலை பார்க்கிறாள், சீலோம் ரோடு மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் அறை. போன கையோடு அம்மனைப் பார்த்துவிட்டு, மறுநாள் ஆஸ்பத்திரி.

பெரிய ஆஸ்பத்திரி. பர்மிய மொழி பேசும் பெண் ஒருத்தி வாசலிலிருந்தே கூட வந்தாள். இங்கே இதற்கு முன் போன நம்மவர்கள் எல்லாரும் அந்தச் சுவரில் தொங்கும் ஜேசிஐ என்ற சர்வதேசத் தரச் சான்றிதழைப் பற்றிச் சொல்வார்கள். ஆசியாவில் முதலில் அதை வாங்கியது பாங்காக்கின் பும்ருங்ராட், 2002-ல். நல்ல விஷயம்தான், ஆனால் அது ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பது. கத்தியைப் பிடிக்கிற ஆளுக்கு இல்லை. ஆளைப் பற்றித் தெரிய தாய்லாந்து மருத்துவக் கவுன்சிலின் இணையப் பக்கத்தில் பெயரைப் போட்டுத் தேட வேண்டும். தங்கை மகள் தாய் எழுத்தில் தட்டிப் பார்த்தாள், பிளாஸ்டிக் சர்ஜரியில் தகுதி பெற்றவர் என்று வந்தது.

டாக்டர் ஒரு பெண்மணி, என்னைவிடச் சின்னவர். முகத்தைத் தொடுவதற்கு முன்னால் கையைக் காட்டுங்கள் என்றார். சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பைத் தடவிப் பார்த்தார். சிசேரியன் தழும்பு இருக்கிறதா என்றார். பிறகு இரண்டு காதையும் மடக்கி மடக்கிப் பார்த்தார். நம் மாதிரி நிறத்தில் சிலருக்குத் தழும்பு கீலாய்டாகத் தடித்து வளரும், காது அதற்கு முக்கியமான இடம். காது குத்திய இடமே கட்டியாக வளர்ந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு மூன்று துளைகள், ஒன்றும் தடிக்கவில்லை. "நல்ல சகுனம்" என்றார். ஆனால் தொங்கட்டான் போட்டுப் போட்டு என் காது மடல் நீண்டிருக்கிறது. தையலில் இழுப்பு அதிகமானால் மடல் இன்னும் கீழே இழுபட்டுப் போகுமாம். கம்மல் பல வாரங்களுக்குக் கூடாது.

அப்புறம் கையில் கண்ணாடி கொடுத்து விரலால் கன்னத்தை நேர் மேலே தூக்கிக் காட்டினார். தாடையோரம் சரியானது. கழுத்தைத் தொட்டு, "இது இதில் சரியாகாது" என்றார். கழுத்து நரம்புபோலத் தெரியும் அந்த இரண்டு பட்டைகளுக்கு மோவாய்க்கு அடியில் தனி வெட்டு, காதுக்குப் பின்னால் நீள வெட்டு, முழு மயக்கம். சின்ன ஆபரேஷன் செய்துவிட்டுக் கழுத்தும் மாறும் என்று எதிர்பார்த்தால் பணம் வீண் என்று நேரடியாகச் சொல்லிவிட்டார். விற்கத் தெரியாதவர் என்று தங்கை மகள் வெளியே வந்து சொன்னாள். எனக்கு அதுதான் பிடித்தது.

ஆபத்துகளையும் நானே கேட்டு எழுதிக்கொண்டேன். தோலுக்கு அடியில் ரத்தம் கட்டுவதுதான் அதிகம் நடப்பது, பெரும்பாலும் முதல் நாளுக்குள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். அதனால் அன்றிரவு ஆஸ்பத்திரியில்தான் தங்க வேண்டும். காது மடல் மாதக்கணக்கில் மரத்துக் கிடக்கலாம். முகத்தை அசைக்கும் நரம்பு அடிபடுவது அபூர்வம், பட்டாலும் பெரும்பாலும் மீண்டுவிடும். "பெரும்பாலும்" என்பதன் கீழே கோடு போட்டேன்.

என் அழுத்தம் அன்று 152. அதை இறக்கிக்கொண்டு வரச் சொன்னார்.

செலவு? ஒரு தாய் பாட் நம் ஊர்ப் பணத்தில் ஏறக்குறைய ஐம்பது கியாட். கடையின் ஒரு வருட லாபத்துக்கு மேல் போகிறது. சர்ஜன், மயக்க டாக்டர், தியேட்டர், அறை, மருந்து என்று தனித்தனியாக எழுதி வாங்கினேன். ரத்தம் கட்டித் திரும்பத் திறக்க வேண்டி வந்தால் யார் கணக்கு என்பதையும் எழுதச் சொன்னேன். எழுதிக் கொடுத்தார்கள்.

ஜூலை 19, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. காளியம்மன் கோயிலில் கூழ் வாங்கிக்கொண்டு நிற்கும்போது மாமியார் கேட்டார், "தாலியைக் கழற்றச் சொல்லுவாங்களாமே?" யார் சொன்னார்களோ. ஆமாம், ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும் மின்கருவி இருப்பதால் உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. மூக்குத்தியும் சேர்த்து. "மஞ்சக் கயித்துல மஞ்சத் துண்டைக் கட்டிக்கிட்டுப் போ" என்றார். ஆபரேஷனே வேண்டாம் என்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவருக்குக் கவலை கயிறு மட்டும்தான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆஸ்பத்திரிப் படிவத்தில் "புகை பிடிப்பீர்களா?" என்று இருந்தது. இல்லை என்று எழுதலாம், பொய் இல்லை. ஆனால் நான் கூன்யா, அதாவது வெற்றிலை, போடுகிறவள், அதுவும் புகையிலை வைத்து. மெஷினில் உட்கார்ந்தால் வாயில் ஒன்று இருக்க வேண்டும். பாங்காக்கில் டாக்டரிடம் இதைச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நிகோட்டின் எந்த வழியாகப் போனாலும் ரத்தக்குழாயைச் சுருக்கும். பிரித்தெடுத்த தோலுக்கு ஓரம் வரை ரத்தம் போய்ச் சேராவிட்டால் அந்த ஓரம் கறுத்துச் செத்துவிடும். முன்னால் நாலு வாரம், பின்னால் நாலு வாரம், ஒரு துண்டு கூடாது. படிவத்தில் வெற்றிலை பற்றி ஒரு வரி இல்லை. ரங்கூனிலிருந்து போகிறவர்கள் கவனியுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இப்போதே விட்டுப் பார்க்கிறேன். ஏலக்காய், சோம்பு, சூயிங்கம். எதுவும் அது இல்லை. நேற்று ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் வலது பக்கத்துக்கே வெட்டிவிட்டேன்.

மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் இ, வலி மாத்திரைகளில் சில, எல்லாம் இரண்டு வாரம் முன்னால் நிறுத்த வேண்டும், ரத்தம் உறைவதைத் தடுப்பவை. "நான் சாப்பிடும் ஆஸ்பிரினையும் நிறுத்தட்டுமா?" என்று பக்கத்துவீட்டு அம்மா கேட்டார். இதயத்துக்காகச் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆடி போயிற்று. அழுத்தம் 134.

இத்தனை நாள் என்னை இழுத்துப் பிடித்தது வெட்டும் இல்லை, பணமும் இல்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு ராத்திரி கன்னம் ஒரு பக்கம் வீங்கினால் யாரிடம் போவேன்? தோழியின் போன் கதை மனதை விட்டுப் போகவில்லை. போன வாரம் இங்கே ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்தேன், தீக்காயம், உதட்டுப் பிளவு பார்க்கிறவர். இன்னொருவர் வேலையை நான் ஏன் பார்க்க வேண்டும் என்று சொல்வார் என நினைத்தேன், அவருக்கு அந்த உரிமையும் உண்டு. அவர் கேட்டது ஒன்றுதான்: என்ன நூல், எங்கே கட்டினார்கள், எந்த மயக்க மருந்து என்று ஆங்கிலத்தில் ஆபரேஷன் குறிப்பு கையில் இருக்க வேண்டும். பாங்காக் டாக்டருக்கு எழுதினேன். தருகிறேன், உங்கள் ஊர் டாக்டரின் ஈமெயிலைக் கொடுங்கள், நானே அவரிடம் பேசிவிடுகிறேன் என்று மறுநாளே பதில்.

ஆகவே போகிறேன். தாடை மட்டும். கழுத்தைச் சேலைத் தலைப்பு பார்த்துக்கொள்ளட்டும்.

தீபாவளிக்கு முன்னால் முடியாது, செப்டம்பரிலிருந்து ஜாக்கெட் மூட்டை மூட்டையாக வரும். அக்டோபர் 27 தீபாவளி, நவம்பர் இரண்டாம் வாரம் ஆபரேஷன். மழையும் விட்டிருக்கும். திரும்பி வந்து தழும்பு ஆறும் வரை அதன்மேல் தனக்கா மரப்பட்டைச் சாந்துகூடப் பூசக்கூடாதாம், தொப்பியும் முக்காடும்தான். கூட வருவது தங்கை. வீட்டுக்காரர் கடையைப் பார்த்துக்கொள்வார், அதாவது பூட்டைத் திறந்து பூட்டுவார். விசாவுக்கு அடுத்த வாரம் போகிறேன். முன்பணம் நாளை அனுப்புகிறேன்.

தீபாவளி ஜாக்கெட் கொடுக்க வேண்டியவர்கள் செப்டம்பர் முடிவதற்குள் துணியைக் கொடுத்துவிடுங்கள். நவம்பரில் கடை மூடியிருக்கும்.