அட்டையில் வந்த வசனமும் வராமல்போன வேலையும்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் வைத்து நீட்டுவார்களே, புது வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை, பல ஏமாற்றங்கள் அதிலிருந்துதான் கிளம்புகின்றன. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" கொடுப்பேன் என்கிற எரேமியா 29:11 வந்திருக்கும். குரூப் 4 தேர்வோ, வரனோ, குழந்தையோ, எதை நினைத்து எடுத்தோமோ அதற்குக் கர்த்தர் கையெழுத்துப் போட்டுவிட்டதாக மனசு பிடித்துக்கொள்ளும். வருஷக் கடைசியில் காரியம் கைகூடாமல் போகும்போது, போனதற்கான வருத்தம் பாதி, "சொல்லிவிட்டுச் செய்யவில்லையே" என்ற கோபம் பாதி. சேலத்து வீட்டு ஜெபக் கூட்டங்களில் முதல் பாதிக்குத்தான் ஜெபம் நடக்கும். இரண்டாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அதனால் அட்டையை முதலில் எடுத்து வையுங்கள். ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள்: நான் கேட்டது என்ன, இந்த வசனம் யாருக்கு எப்போது சொல்லப்பட்டது. முன்னும் பின்னும் பத்து வசனம் வாசித்தால் விடை கிடைத்துவிடும். 29ஆம் அதிகாரம் எருசலேமிலிருந்து பாபிலோன் கைதிகளுக்குப் போன கடிதம். 5ஆம் வசனம் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. 10ஆம் வசனம் 70 வருஷம் என்று கணக்கே சொல்லிவிடுகிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பப்போவதில்லை. நம் பழைய மொழிபெயர்ப்பில் "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" என்று இருப்பதால்தான் நாம் எதிர்பார்த்ததே நடக்கும் என்று தோன்றுகிறது. எபிரெயத்தில் அங்கே இருப்பவை அகரித், திக்வா என்ற இரண்டு சொற்கள், பிற்காலமும் நம்பிக்கையும். நாம் குறித்த தேதி அதில் கிடையாது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்கிறான். தேதி வைத்துத் தீர்க்கதரிசனம் சொல்பவர்களிடம் காணிக்கைக் கவரை நீட்டுமுன் அந்த 28ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது.

அடுத்தது சங்கீதம் 13. (கத்தோலிக்க வேதாகமத்தில் திருப்பாடல் 13.) ஆறே வசனம். முதல் இரண்டில் முறையீடு, 3, 4இல் விண்ணப்பம், 5, 6இல் நம்பிக்கை. முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" நான்கு முறை வருகிறது. காலையில் பத்து நிமிஷம், கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமாக வாசியுங்கள். ஒவ்வொரு "எதுவரைக்கும்" வரும்போதும் நிறுத்தி, உங்கள் காரியத்தைப் பெயர் சொல்லி வையுங்கள்: எதுவரைக்கும் ரிசல்ட் வரும்போதெல்லாம் தலைகுனிவேன், எதுவரைக்கும் பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடித்துவிட்டுப் போவார்கள். முதல் வாரம் நான்காம் வசனத்தோடு நிறுத்தலாம். இங்கேதான் பலருக்குச் சறுக்குகிறது: முதல் நாளே ஐந்தாம் வசனத்துக்குத் தாவி "ஸ்தோத்திரம்" சொல்லிவிடுகிறார்கள். ஐந்தாம் வசனத்தில் தாவீது சொல்லும் நம்பிக்கை, முறையீடு முழுதும் கொட்டித் தீர்ந்தபின் வருவது. கொட்டாமல் சொன்ன ஸ்தோத்திரம் இரண்டு வாரத்தில் வறண்டு, ஆலயம் போவதே பாரமாகிவிடும். ஐந்தாம் வசனம் வாயில் வராத நாளுக்கு 88ஆம் சங்கீதம் இருக்கிறது. அது இருளில்தான் முடிகிறது, அப்படியே வேதத்தில் விடப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, ஆபகூக் 3:17. அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆடு, மாடு என்று ஆறு "போனாலும்". இதை நம் ஊர்ச் சரக்கை வைத்து எழுதிப் பார்க்க வேண்டும். ஏற்காட்டுத் தோட்டக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்து பத்து நாளுக்குள் காபிச் செடி வெள்ளையாய்ப் பூத்து, மலையே மல்லிகை மணக்கும். அடுத்த மழை வர வேண்டிய நேரத்தில் வராவிட்டால் பூ கண்ணெதிரே கருகும், பிஞ்சு நிற்காது. அவர் எழுதும் "காபி பிஞ்சு நிற்காமற்போனாலும்" வேறு கனம். தறிக்காரர் தறி ஓடாமற்போனாலும் என்பார், ஆத்தூர்ப் பக்கத்தில் கிழங்கு விலை இறங்கிப்போனாலும் என்பார்கள். ஆறு வரியும் உண்மையில் இழந்தவையாக, அல்லது இழந்துவிடுவோமோ என்று பயப்படுபவையாக இருக்கட்டும். பொதுவாக "கஷ்டங்கள் வந்தாலும்" என்று எழுதினால் பயனில்லை.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் ஒன்று. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை குறையில்லை. வாய் திறந்தபின்தான் வினை. இட்லியும் சாம்பாரும் கொண்டுபோங்கள், இருபது நிமிஷம் இருங்கள், "தேவ சித்தம்" என்ற சொல்லை அவர்களாகச் சொல்லும்வரை நீங்கள் எடுக்காதீர்கள். ஆலயத்தில் சாட்சி சொல்லும் நேரத்தில் அவர்களை எழுப்பிவிடவும் வேண்டாம். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் ஜெபத்தோடு டாக்டரும் வேண்டும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்கு இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

அட்டையைக் கிழிக்க வேண்டாம். பின்பக்கத்தில் அந்த வருஷத்தை எழுதி, எரேமியா 29க்கும் 28க்கும் நடுவில் செருகி வையுங்கள்.