மைனரும் அப்பாவும்: 2022 ஆனி, ஆடிக் குறிப்புகள்

27.06.2022, திங்கள்

நேற்றிலிருந்து பெற்றோல் லீற்றர் 470. விலையை நினைத்துக் கவலைப்படவும் வழியில்லை, பெற்றோல் செட்டில் ஒரு துளி கிடையாது. இரவுச் செய்தியில் இன்னொன்று: நாளை முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தானாம்.

விளக்கு வைத்த நேரம் ஓட்டோ அண்ணை படலையடியில் நின்று கூப்பிட்டார். "பிள்ளை, குறை நினைக்காதை. வியாழக்கிழமை என்னால ஏலாது." உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. மாசியில் அப்பாவுக்கு ஒரு பக்கம் இயங்காமல் போனதிலிருந்து ஒரு கிளினிக்கையும் தவறவிடாமல் அவரைத் தூக்கி ஏற்றி இறக்கிய மனுசன். முகத்தைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

குளிசை இன்னும் 10 நாளைக்கு இருக்கிறது.

28.06, செவ்வாய்

கொட்டிலுக்குள் போய், அப்பாவின் பழைய மொரிஸ் மைனர் காரின் தறப்பாளை இழுத்தேன். மாசிக்குப் பிறகு யாரும் தொடவில்லை. நாலு ரயரிலும் காற்று இறங்கி, சில்லின் விளிம்பு ரப்பரை நசுக்கிக்கொண்டு நிற்கிறது. பின் சீற்றில் கோழி அடை வைத்திருக்கிறது, ஐந்து முட்டை. கண்ணாடியை ஏற்றிவிட மறந்தது நான்தான். அப்பா ஒருநாளும் மறந்திருக்க மாட்டார்.

முட்டையைக் கடகத்துக்கு மாற்றினேன். கோழி கொத்திவிட்டது.

29.06, புதன்

பற்றரி முற்றாக இறங்கிவிட்டது. பக்கத்து வளவு உழவு மெசினின் பற்றரியைக் கேட்டு வாங்கினேன். கொழுவப் போகும்போதுதான் உருத்திரபுரத்து மாஸ்டருக்கு ஒரு கோல் எடுப்போம் என்று தோன்றியது. அவரிடம் பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார் இருக்கிறது, இன்றைக்கும் ஓடுகிறது. அவர் எடுத்த எடுப்பில் கேட்டது: "பொடிக்கு எந்த முனை போட்டிருக்கு?"

பற்றரியின் எந்த முனை காரின் உடலோடு தொடுத்திருக்கிறது என்று கேட்கிறார். நான் மைனஸ் என்று நினைத்திருந்தேன், எல்லா வாகனத்துக்கும் அப்படித்தானே. இந்தக் காலத்து மைனர்களுக்குப் பிளஸ் முனைதான் பொடிக்கு. மாற்றிக் கொழுவினால் டைனமோ சார்ஜ் செய்யாது, வேறும் பழுதாகலாம். பொனற்றைத் திறந்து பார்த்தேன். பிளஸ் கம்பிதான் பொடியில் முறுக்கியிருக்கிறது. கை நடுங்கியது. ஒரு கோல் எடுத்திராவிட்டால்!

பழைய கார் வைத்திருக்கிறவர்களுக்கு இதை எழுதிவைக்கிறேன்: எது தெரியுமென்று நினைக்கிறீர்களோ, அதை முதலில் ஒருவரிடம் கேளுங்கள்.

30.06, வியாழன்

கிளினிக் நாள். போகவில்லை.

01.07, வெள்ளி

அப்பா இப்போது ஐந்தாறு சொல்தான் பேசுகிறார். "தண்ணி", "வா", "ஓம்", அம்மாவின் பெயர். மூன்று நாளாகப் புதுசாக ஒன்று: "எண்ணெய்". பின்னேரம் நான் கொட்டிலிலிருந்து கறுத்த கையோடு வரும்போதெல்லாம் சொல்கிறார். இடது கையை என் பக்கம் நீட்டி, "எண்ணெய்".

எந்த எண்ணெய் அப்பா?

"எண்ணெய்."

03.07, ஞாயிறு

கொட்டில் வளையில் தாரால் எழுதிய மூன்று எண்கள் சின்ன வயதிலிருந்தே தெரியும்: 12, 15, 25. நாங்கள் பிறந்த தேதிகள் என்று தம்பி நம்பிக்கொண்டிருந்தான். இன்று மாஸ்டரிடம் சொன்னதும் அவர் பெரிதாகச் சிரித்தார். வால்வு இடைவெளி 12, பொயின்ற் இடைவெளி 15, பிளக் இடைவெளி 25, எல்லாம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று கணக்கு. 948 சிசி எஞ்சினுக்கு அப்படியே பொருந்தும் என்றார். 1957ஆம் ஆண்டுக் கார் இது. இலக்கத் தகட்டில் ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்தைய ஈவை (EY) இலக்கம்.

அப்பாவின் இடைவெளி அளக்கும் தகடுகள் கிறீஸ் தாளில் சுற்றி, ரின்பால் பேணிக்குள் இருந்தன. ஒன்றிலும் துரு இல்லை. பிளக் நாலையும் கழற்றி, கம்பித் தூரிகையால் உரஞ்சி, 25க்கு வைத்தேன். பொயின்றை நாளைக்குப் பார்ப்பேன். கழுத்து நோகிறது.

07.07, வியாழன்

ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற அக்கா கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் ஒரு மாதக் குளிசை எடுத்துத் தந்தார். ஆவணி (ஓகஸ்ட்) 4ஆம் தேதி ஆளைக் கட்டாயம் கொண்டு வரச் சொன்னார்களாம்.

09.07, சனி

கொழும்பில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் இறங்கியதை எல்லாரும் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் கொஞ்சம் பார்த்தேன். அப்புறம் கரண்ட் போய்விட்டது.

தண்ணீர் இறைக்கும் மோட்டருக்கு வைத்திருந்த ஒன்றரை லீற்றர் பெற்றோலைத் தர அம்மா சம்மதித்துவிட்டா.

10.07, ஞாயிறு

ஸ்டார்ட் வந்தது!

திறப்பைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் டிக் டிக் டிக் என்று வேகமாக அடித்து, பிறகு நிதானித்து நிற்க வேண்டும். காபரேற்றர் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் ஒரு சத்தமும் இல்லை. மாஸ்டர் போனிலேயே இருந்தார். "ஸ்குரூ டிறைவரின் பிடியால் பம்பில் மெல்லத் தட்டு பிள்ளை. உள்ளுக்க முனை ஒட்டியிருக்கும்." இரண்டு தட்டு. டிக். நிறுத்தம். இன்னொரு தட்டு. டிக் டிக் டிக் டிக்.

விறாந்தையில் சாய்கதிரையில் இருந்த அப்பா தலையைத் திருப்பிவிட்டார். அம்மா ஓடிவந்து சொன்னா. மாசிக்குப் பிறகு வலப்பக்கம் திருப்பியது இதுதான் முதல் தடவை.

புகை, இருமல், ஒரு வெடி, பிறகு ஓட்டம். அரை நிமிடம் விட்டு நிறுத்தினேன். பெற்றோல் வீணாகக் கூடாது.

11.07, திங்கள்

துணுக்காய் ஒஸ்ரின் பெரியப்பா சைக்கிளில் வந்தார். எழுபத்தெட்டு வயது, இந்தச் சோழகக் காற்றில், எதிர்த்து மிதித்து. மண்ணெண்ணெயில் ஓடு என்கிறார். யுத்தத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் வன்னி முழுக்க அப்படித்தானே ஓடியது, சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைத் தொங்கவிட்டு ஸ்டார்ட் எடுத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பி. நிறுத்துவதற்கு முன் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றி காபரேற்றரைக் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் காலையில் தள்ளத்தான் வேண்டும். எல்லாம் விரல்விட்டுச் சொன்னார். அவருடைய ஒஸ்ரின் ஏ40 அப்படியே பத்து வருசம் உழைத்தது.

அவரை நான் மதிக்கிறேன். ஆனால் சம்மதிக்க முடியவில்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ஓரமாக இறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலக்கும். அளவுக்கோலில் எண்ணெய் ஏறிக்கொண்டே வரும், மோந்தால் லாம்பு மணம். எண்ணெய் தண்ணியாகிப் பெயரிங் தேயும். அப்பா அந்தக் காலத்தில் ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டுவதை எத்தனை தடவை லாம்பு பிடித்து நின்று பார்த்திருக்கிறேன். அப்போது வேறு வழியில்லை. இப்போதும் மண்ணெண்ணெய்க்கு மீன்பிடிச் சனம் கான்களோடு வரிசையில் நிற்கிறது. அவர்களுடைய பங்கில் நான் கைவைக்க மாட்டேன்.

பெரியப்பா கோபிக்கவில்லை. போகும்போது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"எண்ணெய்," என்றார் அப்பா.

"ஓமடாப்பா, கேக்கிறாள் இல்லை," என்றார் பெரியப்பா.

12.07, செவ்வாய்

வவுனிக்குளம் பக்கமாக ஒழுங்கை முனைவரை நடைவேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் திருப்பும்போது முன் வலச் சில்லில் "டொக்". திரும்பவும் திருப்பினேன். டொக்.

வந்து ஜாக் வைத்துத் தூக்கி, சில்லின் மேலையும் கீழையும் பிடித்து ஆட்டினேன். ஆடுகிறது. பிறேக்கை மிதித்துக்கொண்டு தம்பியை ஆட்டச் சொன்னேன். அப்போதும் ஆடுகிறது. அப்படியென்றால் சில்லுப் பெயரிங் இல்லை, கீழே சில்லைத் தாங்கும் திருகு மறைக் கட்டை. ரனியன் என்பார்கள். மைனரின் பெரிய பலவீனம் இதுதான். உள்ளே மறை தேய்ந்துபோனால் ஒருநாள் கழன்று, சில்லு மடிந்து, காரின் மூக்கு ரோட்டில் குத்தும். அநேகமாக மெதுவாகத் திருப்பும்போதுதான் விழும் என்கிறார் மாஸ்டர். அது ஆறுதல் என்று சொன்னார். எனக்கு ஆறுதலாக இல்லை. பின் சீற்றில் ஒரு பக்கம் இயங்காத மனிதன் இருப்பார்.

13.07, புதன்

ஜனாதிபதி நாட்டைவிட்டுப் போய்விட்டாராம். மாஸ்டரின் ஆள் மூலம் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ரனியன் தேடச் சொல்லியாயிற்று.

14.07, வியாழன்

கனவில் சில்லு மடிந்தது.

17.07, ஞாயிறு

ஆடிப்பிறப்பு. அம்மா கூழ் காய்ச்சினா, பனங்கட்டிக்கு அலைந்து எடுத்தது. அப்பா இடது கையால் தானே கரண்டி பிடித்துக் குடித்தார், பாதி சட்டையில். பெற்றோல் 450 ஆகியிருக்கிறது.

18.07, திங்கள்

பெற்றோல் பங்குக்கான கியூஆர் பதிவுக்குச் சேஸிஸ் இலக்கம் வேண்டும். புத்தகத்தில் மை கரைந்து கடைசி மூன்று எண்ணும் தெரியவில்லை, அந்தப் புத்தகம் யுத்தத்தின் கடைசியில் எங்கள் கூடவே இரட்டைவாய்க்கால் வரை வந்து நனைந்தது. பொனற்றுக்குள் தகடு இருக்கிறது. மேலே பெயின்ற், அதன்மேல் துரு. துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு மெல்ல உரஞ்சி, காய்ந்ததும் வெண்கட்டியைப் படுக்கப்போட்டுத் தேய்த்தேன். பள்ளத்துக்குள் வெள்ளை போய் நின்றது. ஒவ்வொரு எண்ணாக எழும்பி வந்தது. தம்பி படம் எடுத்தான்.

2010இல், யுத்தத்தில் விடுபட்ட வாகனங்களின் குவியலுக்குள் அப்பா இந்தத் தகட்டைத்தான் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு இருந்தார். நூற்றுக்கணக்கில் வாகனம், ஒன்றின்மேல் ஒன்று. நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

குளிசை 19.

19.07, செவ்வாய்

பார்சல் வந்தது. இடப்பக்கத்து ரனியன்.

இடத்துக்கும் வலத்துக்கும் மறை எதிரெதிர். போட முடியாது. கடைக்காரர் "எல்லாம் ஒண்டுதான்" என்று கொடுத்துவிட்டாராம். வலப்பக்கம் என்று நான் மூன்று தடவை சொன்னேன், எழுதியும் அனுப்பினேன். இன்று யாரோடும் கதைக்கப் பிடிக்கவில்லை.

21.07, வியாழன்

இந்த எண்ணெயைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை. ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

எஞ்சின்: அளவுக்கோலில் சரி. கியர்: தரை விரிப்பைத் தூக்கி, ரப்பர் மூடியைக் கழற்றி விரல் விட்டேன், நனைகிறது. பிறேக்: மைனருக்கு அந்தக் குப்பி சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே. வாங்கியவர்கள் பலருக்கு அங்கே இருப்பதே தெரியாது. கால்வாசி குறைந்திருந்தது, நிரப்பினேன். காபரேற்றர்: தலையில் ஒரு மூடி. திருகித் தூக்கினால் மெல்லிய கம்பியும் நுனியில் குட்டிப் பித்தளையும் வரும். துடைத்துவிட்டதுபோல் காய்ந்து கிடந்தது!

இதுதான் என்று கத்திவிட்டேன். அங்கே மெல்லிய எண்ணெய் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மிதித்ததும் எஞ்சின் தடுமாறும். 12ஆம் தேதி தடுமாறியதே. 20ஆம் நம்பர் எண்ணெய் கொஞ்சம் விட்டு மூடினேன். ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். கையால் செய்து காட்டினேன், திருகி, தூக்கி, ஊற்றி.

"ஓம்," என்றார். கண் கலங்கியிருந்தது.

22.07, வெள்ளி

"எண்ணெய்."

23.07, சனி

அம்மா சொன்னா, அந்த மனுசன் தலைக்கு எண்ணெய் கேக்குது, நீ காரைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நில் என்று. நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்து முழுக வார்த்தோம். நன்றாக நித்திரை கொண்டார்.

பின்னேரம் எழும்பியதும் அதே சொல்.

28.07, வியாழன்

ஆடி அமாவாசை. அப்பப்பாவுக்குப் படைத்தோம். ரனியன் கிடைத்துவிட்டது, வலப்பக்கம், படம் அனுப்பியிருக்கிறார்கள். மறை எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பெருப்பித்துப் பார்த்தேன். சரி. ஆனால் பஸ் ஓடவில்லை.

30.07, சனி

குளிசை 7. காற்று விடாமல் அடிக்கிறது. கொட்டில் கிடுகு இரண்டு போய்விட்டது.

31.07, ஞாயிறு

எங்கள் இலக்கம் 4இல் முடிவதால் பெற்றோலுக்கு வியாழனும் ஞாயிறும். விடிய நாலரைக்கே கேம்பிரிட்ஜில் மாஸ்டர் வந்து, மைனரைக் கயிற்றில் கட்டி செட்டுக்கு இழுத்துப் போனார். வலச் சில்லுக்குப் பயந்து, வளைவுகளில் நான் மூச்சே விடவில்லை. 20 லீற்றர்! கிளிநொச்சி போய்வர நூறு கிலோமீற்றர் வரும், பத்து லீற்றர் தாராளம். வரிசையில் நின்றவர்கள் வந்து வந்து மைனரைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர் என்ன விலைக்குத் தருவீர்கள் என்றார். வாகன இறக்குமதி நின்றதிலிருந்து இந்தக் கேள்வி கூடிவிட்டது. விற்பதில்லை என்றேன்.

02.08, செவ்வாய்

புது ரனியனுக்கு என்ன விடுவது என்று இரண்டு பேருக்கும் வாக்குவாதம். மாஸ்டர் கிறீஸ் என்கிறார், ஆயிரம் மைலுக்கு ஒருதரம், சில்லைத் தூக்கிவைத்து, பழையது வெளியே பிதுங்கும்வரை அடிக்க வேண்டுமாம். பெரியப்பா கியர் எண்ணெய்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். "கிறீஸ் காய்ஞ்சு கட்டியாப் போயிடும். உன்ர கொப்பர் எப்பவும் எண்ணெய்தான் விட்டவர்."

போனை வைத்துவிட்டு அப்படியே இருந்துவிட்டேன்.

03.08, புதன்

குளிசை 3. பார்சல் மத்தியானப் பஸ்ஸில் ஏறிவிட்டது. தம்பி மாங்குளம் சந்தியில் நிற்கிறான்.

இரவு 8.10. பஸ் ஓமந்தை தாண்டிவிட்டதாம். ஜாக் வைத்து, சில்லைக் கழற்றி, பழையதின் நட்டை இளக்கிவைத்திருக்கிறேன். லாம்பு, 90ஆம் நம்பர் எண்ணெய்ப் போத்தல், துணி. அப்பாவைக் கதிரையோடு தூக்கிக் கொட்டில் வாசலில் வைத்திருக்கிறோம். போத்தலைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். இடது கையை நீட்டிக் கேட்டார். கொடுத்தேன். மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

9.25. தம்பியின் போன் அடிக்கிறது.