சைக்கிள் கொடுத்தார்கள், ரோடு?

பதினோராம் வகுப்பில் மகளுக்கு அரசு கொடுத்த சைக்கிள் எங்கள் வீட்டு வராண்டாவில் நிற்கிறது. அவளைப் பள்ளிக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவது நான்தான். சைக்கிளில் தெருமுனை தாண்டி அனுப்ப எனக்கும் பயம், போக அவளுக்கும் பயம்.

நேற்று அந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து நாலு ரோடு வரை போய்ப் பார்த்தேன். பக்கத்தில்தான். ஆனால் இடது ஓரம் முழுக்க நிறுத்திய கார்கள். அதைச் சுற்றி நடு ரோட்டுக்கு வந்தால் பின்னால் பஸ் ஹாரன். இரண்டு முறை இறங்கி உருட்டினேன்.

நடைபாதையில் தடையில்லாமல் நடக்க குறைந்தது 1.8 மீட்டர் அகலம் விட வேண்டும் என்கிறது சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்திய சாலை காங்கிரஸ் அமைப்பு. நான் பார்த்த இடத்தில் டிரான்ஸ்பார்மர், ரெண்டு பைக், ஒரு பெயர்ப்பலகை. தள்ளுவண்டிக்காரர்களை விரட்டச் சொல்லவில்லை, நானே அங்கே நின்றுதான் தட்டுவடை செட் சாப்பிட்டேன்! கார் நிற்கிற இடத்தில் பாதியைக் கொடுத்தால் அவர்களுக்கும் இடம் இருக்கும், நமக்கும் இருக்கும்.

ஐந்து ரோட்டில் 2020இல் ஈரடுக்கு மேம்பாலம் திறந்தார்கள், ஏறத்தாழ 8 கிலோமீட்டர். காரில் போக அருமை, பொய் சொல்ல மாட்டேன். அதன் கீழே என் அம்மா ரோட்டைக் கடக்க இன்னமும் யாராவது கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னேன். மகள் கேட்டாள்: "சரிப்பா, எனக்கு ஸ்கூட்டி எப்ப?"