கட்டுமானத் தொழில்நுட்பம் படிக்க நினைப்பவர்களுக்கு

சிவில் படிப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நிறைய பேர் கேட்கிறார்கள். அங்கே வடிவமைப்புக் கணக்கு அதிகம். இங்கே, வரைபடத்தில் இருப்பதைக் கட்டி முடிப்பதுதான் படிப்பே. செலவு மதிப்பீடு, கால அட்டவணை, ஒப்பந்தம், தளப் பாதுகாப்பு எல்லாம் வரும்.

எனக்கு உயிர் கான்கிரீட் லேப்தான். 300 மி.மீ. உயரக் கூம்பில் கலவையை மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்தி, கூம்பை நேராகத் தூக்க வேண்டும். கலவை எவ்வளவு அமிழ்கிறது என்பதை அளப்பதுதான் சோதனை. தண்ணீர் கூடினால் அதிகம் அமிழும். கொட்டச் சுலபமாக இருக்கட்டும் என்று தளத்தில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினால் கான்கிரீட்டின் பலம் குறையும். 1918-லேயே டஃப் ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்க கான்கிரீட் ஆய்வாளர் இதைச் சோதித்துக் காட்டிவிட்டார். இன்றும் வாளி வாளியாக ஊற்றுவதைப் பார்த்தால் மனசு பதறுகிறது. அந்தக் கட்டடத்துக்குள் ஒரு குடும்பம் குடியிருக்கப் போகிறதே!

சரி, சேரும் முன் இரண்டு விஷயங்களை விசாரியுங்கள். தளப் பயிற்சி பாடத்திட்டத்திலேயே இருக்கிறதா? பொறியாளர் உரிமத்துக்கு அந்தப் பட்டம் செல்லுமா? தொழில்நுட்பப் பட்டத்துக்கு உரிம விதிகள் இடத்துக்கு இடம் மாறும். அப்புறம், கணக்கு வராது என்று பயந்து மட்டும் இதை ஒதுக்காதீர்கள். கேள்வி இருந்தால் இன்பாக்ஸில் கேளுங்கள், கட்டாயம் பதில் போடுகிறேன்.