தங்கையின் இரத்தப் பரிசோதனைகள்: என் நாட்குறிப்பு

ஜூன் 3

தங்கைக்கு அனொரெக்சியா, அதாவது எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் உணவை மறுக்கும் மனநோய், என்று உறுதியானபின் எடுத்த முதல் இரத்தப் பரிசோதனையின் அறிக்கை இன்று கிடைத்தது. பொட்டாசியம், பாஸ்பேட் ஆகிய உப்புகள், ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் எல்லாமே இயல்பான வரம்புக்குள் இருந்ததால் அம்மா நிம்மதியடைந்தார். மருத்துவரோ உடனே மருத்துவமனையில் சேர்க்கச் சொன்னார். பட்டினி நீளும்போது செல்களுக்குள் உள்ள இருப்பு வற்றிக்கொண்டே போனாலும், இரத்தத்தில் மட்டும் அளவு இறங்காமல் உடல் பெரும்பாடுபட்டுக் காத்துக்கொள்கிறது என்று அவர் விளக்கினார். கொழுப்பையே தொடாத அவளுக்குக் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்ததும் பட்டினியின் விளைவுதானாம்.

ஜூன் 5

ஓய்விலும் நாடித்துடிப்பு 44. போர்வைக்குள்ளும் விரல்கள் சில்லிட்டிருக்கின்றன. தைராய்டு ஹார்மோனான டி3 குறைந்திருப்பதைப் பார்த்து, தைராய்டு மாத்திரை வேண்டாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். இது தைராய்டு நோயல்ல, ஆற்றல் செலவைக் குறைக்க உடல் தானே எடுத்த முடிவு, மாத்திரை கொடுத்தால் இருக்கும் தசையும் கரையும் என்றார். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 36 ஆரோக்கியமான இளைஞர்களை அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தபோது, அவர்களின் அடிப்படை வளர்சிதை மாற்றம், அதாவது ஓய்வில் உடல் எரிக்கும் ஆற்றல், ஏறத்தாழ 40 விழுக்காடு சரிந்தது. மனவுறுதி மிக்கவர்களுக்கே அந்த நிலை என்றால், இவளைப் பிடிவாதக்காரி என்று உறவினர்கள் ஏசுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஜூன் 8

நான் அஞ்சியது இன்று நடந்தது. உணவு தொடங்கிய மூன்றாம் நாளில் பாஸ்பேட் 3.1இலிருந்து 1.9ஆக இறங்கிவிட்டது, 2.5க்குக் கீழே போகக் கூடாது. மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் சுரந்து, பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றை இரத்தத்திலிருந்து செல்களுக்குள் இழுத்துவிடுகிறது. இதயத்துக்கும் மூச்சுத் தசைகளுக்கும் வேண்டிய ஆற்றல் தட்டுப்படுகிறது. இதற்கு ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்று பெயர். உணவுக்கு முன்பே தயாமின் (வைட்டமின் பி1) கொடுத்ததன் காரணமும் இப்போது புரிந்தது: மாவுச்சத்தை எரிக்க அது தேவை, இருப்போ மிகக் குறைவு. பாஸ்பேட்டை இரத்தக்குழாய் வழியாக ஏற்றி, இசிஜியைக் கண்காணிக்கிறார்கள். நீண்ட பட்டினிக்குப் பின் வீட்டிலேயே பாசத்தோடு ஊட்டத் தொடங்குவோர் இதைத் தயவுசெய்து அறிந்துகொள்ள வேண்டும்.

ஜூன் 10

பாஸ்பேட் 2.7.

ஜூன் 24

உணவை ஒழுங்காக உண்டும் எடை இந்த வாரம் நகரவில்லை. அவள் மறைக்கிறாளோ என்று அப்பா சந்தேகப்பட்டார். மீளும் உடல் திடீரென்று கூடுதலாக எரிக்கத் தொடங்கும் என்றும், உணவின் அளவை இன்னும் உயர்த்த வேண்டும் என்றும் உணவியல் நிபுணர் சொன்னபின் அப்பா அவளிடம் மன்னிப்புக் கேட்டார். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இன்னும் எழும்பவில்லை, மாதவிலக்கும் திரும்பவில்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பும் தேயும் என்பதால், எலும்பு அடர்த்தியைச் சோதிக்க அடுத்த வாரம் நாள் குறித்திருக்கிறார்கள்.