வியர்வைக்கு மாத்திரை தேடியபோது

மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு தினமும் டமாக்சிஃபென் சாப்பிடுகிறேன்; புற்று திரும்பாமலிருக்க, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் மாத்திரை அது. மாதவிடாய் நின்றதோடு இந்த மாத்திரையும் சேர்ந்து, ராத்திரியில் திடீரென உடம்பு சூடாகி, நைட்டி நனையும் அளவுக்கு வியர்வை. "ஹார்மோன் மாத்திரை போட்டுக்கோடி, எனக்குக் கேட்டுச்சு" என்றாள் அக்கா. அந்த மாத்திரையில் இருப்பது ஈஸ்ட்ரோஜன்; ஈஸ்ட்ரோஜனால் வளரும் கட்டி வந்த எனக்கு அது ஆகாது.

மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளும் இந்தச் சூட்டைத் தணிக்கும். ஆனால் பராக்ஸிடின், ஃப்ளூவாக்ஸிடின் இரண்டும் டமாக்சிஃபென் கல்லீரலில் வீரியமான வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கும். மனச்சோர்வுக்கே தரும் இன்னொரு மாத்திரையான வென்லாஃபாக்ஸின் அவ்வளவாகத் தடுக்காது. ஆனால் ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். எனக்கோ பிரஷரும் உண்டு! கடைசியில் டாக்டர் ராத்திரிக்கு, வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் தரும் கபாபென்டின் எழுதினார். ஆரம்பத்தில் தலைசுற்றல், சுவரைப் பிடித்துத்தான் பாத்ரூம் போனேன். இப்போது நன்றாகத் தூங்குகிறேன்.

தோழிகளே, எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா மருந்துச்சீட்டையும் காட்டுங்கள். நாட்டு மருந்துக்கடைப் பொடியையும் சொல்லுங்கள்.